தடங்கல் படுத்திருந்த இடம்

வீட்டார், அக்கம்பக்கத்தார், இனிமேல் பிறக்கப்போகும் வரலாற்று ஆசிரியர்கள் ஆகிய அனைவரின் மேலான கவனத்துக்கும் கொண்டுவரப்படும் முக்கியச் செய்தி: பாதுகாப்பு அதிகாரியின் இல்லத்தில், கூடத்திலிருந்து சமையலறைக்குச் செல்லும் வழியானது, பல்லாண்டுக் கால ஆக்கிரமிப்புக்குப் பிறகு, கடந்த ஞாயிற்றுக்கிழமை முதல் எவ்வித இடையூறுமின்றி முழுமையாகத் திறந்துவிடப்பட்டுள்ளது. இனி எவரும், எந்நேரமும், எந்தக் காலையும் உயர்த்தாமல் அவ்வழியே சென்று வரலாம்.

நாய் செத்துப்போய்விட்டது.

பாதுகாப்பு அதிகாரி என்றால் துப்பாக்கியோடு வாசலில் நிற்பவர் என்று நினைத்துவிட வேண்டாம். பிளாஸ்டிக் நாற்காலி செய்யும் தொழிற்சாலை ஒன்றில், யாரும் வழுக்கி விழாமல், கை மாட்டாமல், தலையில் எதுவும் விழாமல் பார்த்துக்கொள்ளும் உத்தியோகம் அவருக்கு. வேதம் என்று ஒரே ஒரு வரி வைத்திருந்தார்: "வழியில் எதுவும் கிடக்கக் கூடாது." தொழிற்சாலைத் தரை முழுக்க மஞ்சள் கோடு போட்டு, கோட்டுக்குள் ஒரு காலி டப்பா கிடந்தாலும் அதன் குலத்தையும் கோத்திரத்தையும் விசாரித்துவிடுவார். உறவுக்காரர் வீட்டுக்குப் போனால்கூட, வாசலில் குவிந்த செருப்புகளைக் காலால் ஓரங்கட்டிவிட்டுத்தான் "சௌக்கியமா?" என்று கேட்பார். அவர் கிளம்பிய பிறகு ஆளாளுக்கு ஒற்றைச் செருப்பைத் தேடுவது தனிக் கதை.

ஊருக்கெல்லாம் வழி விடச் சொன்ன இந்த மகானுடைய வீட்டில்தான், சமையலறை வாசலில், ஒரு நாய் குறுக்கே படுத்துக் கிடந்தது.

அதை மகள் பள்ளிக்கூடப் பையில் வைத்துக் கொண்டுவந்தாள். பழுப்பு நிறம். ஒரு காது நிமிர்ந்திருக்கும், இன்னொன்று மடங்கியிருக்கும். ஜாதி நாயா என்று கேட்டவர்களுக்கு "எல்லா ஜாதியும்" என்று பதில் சொல்வாள். அதிகாரி அதைப் பார்த்த மாத்திரத்தில், "இந்த வீட்டுக்கு இது ஒரு தடங்கல்" என்று தீர்ப்பு வழங்கினார். மகள் அன்றைக்கே "தடங்கல், இங்க வா" என்று கூப்பிட்டாள். அது வாலை ஆட்டிக்கொண்டு போயிற்று. பிறகு மகள் படிப்பு, வேலை என்று வேறு ஊருக்குப் போய்விட்டாள். கொண்டுவந்தவள் அவள், பெயர் வைத்தவர் இவர். சோறு போட்டது, குளிப்பாட்டியது, காதில் உண்ணி பிடுங்கியது எல்லாம் அதிகாரியின் மனைவி. வேலையை யார் செய்வது என்று வீடுகளில் எப்படி முடிவாகிறதோ அப்படியே முடிவாயிற்று.

எண்ணெய் காயும் வாசனை எந்த இடத்தில் முதலில் மூக்கைத் தொடுகிறதோ, அந்த இடத்தில் தடங்கல் படுக்கும். சமையலறைக்குள் போகாது, அதற்கும் மரியாதை தெரியும். கூடத்திலும் இருக்காது, அதற்கும் பசி தெரியும். நட்டநடு வாசற்படியில், நான்கு காலையும் நீட்டிக்கொண்டு. வீட்டில் எல்லோரும் வலது காலைத் தூக்கித் தாண்டிப் பழகினார்கள். தட்டோடு தாண்டினார்கள், கொதிக்கும் பாலோடு தாண்டினார்கள், சண்டை போட்டுக்கொண்டே தாண்டினார்கள். அதிகாரியும் தாண்டினார், ஒவ்வொரு தடவையும் ஒரு சொற்பொழிவோடு.

"என்னிக்காவது ஒருத்தர் இதுல விழுந்து மண்டை உடையப் போகுது. அன்னிக்கு நான் சொன்னதை நினைச்சுப்பீங்க."

யாரும் விழவில்லை. தடங்கல் ஒரு கண்ணைத் திறந்து பார்க்கும், வாலால் தரையில் டப் டப் என்று தட்டும், கண்ணை மூடிக்கொள்ளும். அந்தத் தட்டல் கேட்காவிட்டால் அதிகாரி திரும்பிப் பார்ப்பார். பார்த்ததாக ஒப்புக்கொள்ள மாட்டார்.

வயதாகி, சோறு இறங்காமல், பின்னங்கால் இழுத்துக்கொண்டு, கடைசியில் அந்த வாசலிலேயே அது அடங்கிப்போயிற்று. வீட்டுக்குப் பின்னால் குழி தோண்டினார்கள். தோண்டியது அதிகாரிதான். மண்வெட்டியை வைத்ததும் வண்டியிலிருந்து ஆரஞ்சு நிறக் கூம்புகளை எடுத்துவந்து குழியைச் சுற்றி வைத்தார். சிவப்பு வெள்ளை நாடாவும் கட்டினார்.

"என்னங்க இது?" என்றாள் மனைவி. கையில் தடங்கலைப் போர்வையோடு ஏந்தியிருந்தாள்.

"குழின்னா தடுப்பு வெக்கணும்."

"இங்க யார் வந்து விழப் போறா?"

"எல்லா விபத்துலயும் இப்படித்தான் கேக்கறாங்க."

அன்று மகள் தொலைபேசியில் தேம்பித் தேம்பி அழுதாள். "அப்பா அழறாராம்மா?" என்று கேட்டாள்.

"உங்கப்பாவா? அவர் கூம்பு வெச்சுட்டு இருக்கார்."

மனைவியின் தம்பியும் கூப்பிட்டான். துக்கம் விசாரிப்பதில் அவனுக்கு ஒரு பாணி உண்டு. எதிராளி சிரித்தால் துக்கம் தீர்ந்துவிட்டதாக அர்த்தம். "என்னக்கா, டிவியில போடுவானே, தடங்கலுக்கு வருந்துகிறோம்னு, அப்படி ஆயிடுச்சா?" என்றான். அவள் தொலைபேசியை வைத்துவிட்டாள். அவன் பிறகு அதிகாரியைக் கூப்பிட்டு, "மாமா, அக்காவுக்குக் கோபமா? நான் நல்லாத்தானே விசாரிச்சேன்?" என்று கேட்டானாம்.

மறுநாள் மாலை அதிகாரி மனைவியைக் கூடத்தில் உட்காரவைத்தார். பல் மருத்துவமனை ஒன்றின் வரவேற்பு மேசையில் வேலை செய்பவள் அவள். காலையிலிருந்து மாலைவரை, வலியோடு வருபவர்களிடம் "ஒண்ணும் வலிக்காது, உட்காருங்க" என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். அன்றைக்கு அதை யாராவது தனக்குச் சொல்லமாட்டார்களா என்று இருந்தது. வீட்டில் கிடைத்தது வேறு.

"துக்கமும் ஒரு விபத்து மாதிரிதாம்மா," என்று அதிகாரி நின்றபடியே தொடங்கினார். உட்கார்ந்தபடி உபதேசம் செய்ய அவருக்கு வராது. "மூலகாரணம் என்னன்னு பாக்கணும். அதை அப்புறப்படுத்தணும். மறுபடி நடக்காம பாத்துக்கணும். பாய், தட்டு, கழுத்துப்பட்டை எல்லாத்தையும் நான் காலையிலயே தூக்கிப் போட்டாச்சு. இனிமே நாய் வளர்க்கறதில்லை. பிரச்சினை முடிஞ்சுது."

"பாயைத் தூக்கிப் போட்டுட்டீங்களா?"

"ஆமா."

"என்னைக் கேக்காம?"

"கேட்டா விடமாட்டே."

அவள் கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தாள். ஏதோ தேடுவது போல. "உங்களுக்கு ஒண்ணுமே இல்லையா?" என்றாள்.

"இருக்கறதுக்கு என்ன இருக்கு? வழி கிளியரா இருக்கு."

"ஒரே ஒரு தடவை சொல்லுங்க. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்குன்னு. பொய்யாவாவது சொல்லுங்க. நான் ஒருத்தியே இந்த வீட்ல பைத்தியம் மாதிரி அழுதுட்டு இருக்கேன்."

இந்த இடத்தில் உலகத்தில் பாதிப் பேர் ஏதாவது சொல்லியிருப்பார்கள். மீதிப் பாதியில் ஒருவர் நம் அதிகாரி. கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அவள் எழுந்து தேநீர் போடப் போனாள். தேநீரோடு திரும்பும்போது, வாசலில், வழக்கம்போல, வலது காலைத் தூக்கித் தாண்டினாள். கொஞ்சம் அகலமாகவே தாண்டினாள். கோப்பையிலிருந்து ஒரு மடக்கு தளும்பித் தரையில் விழுந்தது.

"அங்க ஒண்ணும் இல்லை," என்றார் அதிகாரி. "நேரா நட."

அவ்வளவுதான் சொன்னார். திட்டவில்லை, கத்தவில்லை. அவரைப் பொறுத்தவரை அது ஒரு தகவல்.

அடுத்த நாளிலிருந்து அவள் அந்த வாசல் வழியே போவதை விட்டுவிட்டாள். கூடத்திலிருந்து சமையலறைக்குப் போக வேண்டுமென்றால் முன்கதவைத் திறந்து வெளியே இறங்கி, வீட்டைச் சுற்றி, குளியலறை ஜன்னலைத் தாண்டி, துணி காயும் கொடிக்குக் கீழே குனிந்து, பின்கதவு வழியாகப் போனாள். திரும்புவதும் அப்படித்தான். உப்பு எடுக்கவும் அப்படித்தான். எதிர்வீட்டுக்காரர், ஏதோ வேண்டுதல் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அவள் சுற்றும்போதெல்லாம் பயபக்தியோடு எழுந்து நின்றார்.

"வழி இருக்கும்போது எதுக்கும்மா சுத்திப் போறே?"

"அந்த வழி எனக்கு வேண்டாம். நீங்களே வெச்சுக்கோங்க."

அதற்கு மேல் பேச்சில்லை. "சாப்பாடு மேசைல இருக்கு", "தண்ணி வரலை", "பூட்டிட்டுப் போங்க" என்ற மூன்று வாக்கியங்களில் குடித்தனம் நடந்தது. ஒரு நாய் குறுக்கே கிடந்தவரை அந்த வீட்டில் எல்லோரும் எங்கேயும் போய்வந்தார்கள். வழி திறந்த பிறகு, மழையில் குடை பிடித்துக்கொண்டு சமையலறைக்குப் போகும் நிலைமை.

இப்படி இருக்கும்போதுதான் தலைமை அலுவலகத்திலிருந்து பெரிய அதிகாரி தொழிற்சாலையைப் பார்வையிட வந்தார். பெண்மணி. பார்வையிடுவதையே பெரிய உழைப்பாகச் செய்யக்கூடியவர். ஒரு தூணைக் காட்டினால், அந்தத் தூண் இதுவரை யாராலும் சரியாகப் புரிந்துகொள்ளப்படவில்லை என்பதுபோல நின்று பார்ப்பார். அவருக்குப் பின்னால் ஆலை மேலாளர், அவருக்குப் பின்னால் நம் அதிகாரியின் உதவியாளர், அவருக்குப் பின்னால் கேமராக்காரர். உதவியாளருக்கு ஆலையில் "ஆமாஞ்சார்" என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளத்துக்கு மட்டும்.

அதிகாரி எல்லோருக்கும் முன்னால் நடந்தார். அன்று அவருக்கு நல்ல குரல்.

"வழியில் எதுவும் கிடக்கக் கூடாது! இதுதான் மேடம் எங்க தாரக மந்திரம். இந்த ஆலையில நீங்க கண்ணை மூடிட்டு நடக்கலாம்!"

"ஆமா சார், கண்ணை மூடிட்டே," என்றார் ஆமாஞ்சார், கண்ணைத் திறந்துகொண்டு.

இயந்திரக் கூடம், கிடங்கு, நாற்காலி அடுக்கும் இடம் எல்லாம் முடிந்து கேன்டீனுக்கு வந்தார்கள். சாப்பாட்டுக் கூடத்திலிருந்து சமையல்கட்டுக்குப் போகிற வாசல். உள்ளே அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. அதிகாரி பின்னால் திரும்பி, கையை வீசி, "இங்கேயும் பாருங்க, ஒரு துரும்பு இருக்காது" என்று சொல்லிக்கொண்டே வந்தார். எண்ணெய் வாசனை மூக்கைத் தொட்டது.

அவருடைய வலது கால் தானாக உயர்ந்தது. ஒரு நாயின் அகலத்துக்கு நீண்டு, அந்தப் பக்கம் பதமாக இறங்கியது. இடது காலும் பின்தொடர்ந்தது.

முன்னால் போகிற ஆள் தாண்டினால் பின்னால் வருகிறவர்கள் தாண்டுவது மனித சுபாவம். அலுவலக சுபாவம் என்றால் இன்னும் ஒரு பிடி உயரமாகவே தாண்டுவார்கள். பெரிய அதிகாரி உடையைக் கையால் பிடித்துக்கொண்டு தாண்டினார். ஆலை மேலாளர் தாண்டினார். ஆமாஞ்சார் குதித்தே விட்டார். கேமராக்காரர் அதைப் படம் பிடித்தார். பிறகு நிறுவனத்தின் செய்திமடலில் அந்தப் படம் வந்தது. வயலில் கொக்குகள் இறங்கிய மாதிரி இருக்கும்.

எல்லோரும் அந்தப் பக்கம் சேர்ந்த பிறகு பெரிய அதிகாரி திரும்பித் தரையைப் பார்த்தார். சுத்தமான, காய்ந்த, வெறும் தரை.

"இங்க என்ன இருக்கு?" என்றார்.

அதிகாரியும் பார்த்தார். அவர் காது எதற்கோ காத்திருந்தது. டப் டப் என்று ஏதாவது கேட்கவேண்டும். கேட்கவில்லை.

ஒண்ணும் இல்லை மேடம் என்று சொல்ல வாயைத் திறந்தார். சாதாரண வாக்கியம். மனைவியிடம் எவ்வளவு சுலபமாகச் சொன்னது! இப்போது "ஒண்ணும்" என்பதோடு வாக்கியம் நின்றுவிட்டது. மீதி வரவில்லை. முயன்று பார்த்தார்.

மேலதிகாரியின் வாய் அடைத்த இடத்தில் தன் வாயைத் திறப்பதற்கென்றே ஆண்டவன் ஆமாஞ்சார்களைப் படைத்திருக்கிறான். "இது சாரோட புது ஏற்பாடு மேடம்!" என்று அவர் முன்னால் பாய்ந்தார். "சூடான பாத்திரத்தோட வர்றவங்க வாசல்ல நிதானிக்கணும் இல்லையா? காலைத் தூக்கினா தானா நிதானம் வந்துடும். கவனம் கூடும். சார் ரொம்ப நாளா யோசிச்சுட்டு இருந்தார்."

பெரிய அதிகாரி கண்ணை மூடி, அந்தத் தாண்டலை மனத்துக்குள் இன்னொரு முறை தாண்டிப் பார்த்தார். "நானே உணர்ந்தேன்," என்றார். "தாண்டும்போது எனக்குள்ள ஒரு விழிப்பு வந்தது. இதுக்கு என்ன பேர்?"

அதிகாரி கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார்.

"விழிப்புத் தாண்டல்," என்று பெரிய அதிகாரியே பெயர் வைத்தார். "தரையில மஞ்சள் கட்டம் போடுங்க. எல்லாக் கிளைகளுக்கும் உத்தரவு அனுப்பறேன்."

அவர்கள் போன பிறகு அதிகாரி சமையல்கட்டின் மூலையில், எண்ணெய் டின் ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தார். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. சமையல்கார அம்மா கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.

"என்ன சார், வெங்காயமா?"

"ஆமாம்மா."

அன்றைக்கு அவள் வெங்காயம் நறுக்கவே இல்லை. ஆனாலும் "அது அப்படித்தான் சார், நிக்கற வரைக்கும் நிக்காது" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

மாலையில் அவர் வீட்டுக்கு வந்தபோது தூறிக்கொண்டிருந்தது. மனைவி ஒரு கையில் குடையும் ஒரு கையில் மூடி போட்ட குழம்புச் சட்டியுமாக வீட்டைச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். அவர் துணிக்கொடிக்குக் கீழே அவளை மறித்துக்கொண்டு நின்றார். வழியில் எதுவும் கிடக்கக் கூடாது என்று சொன்ன மனிதர்தான்.

"வழி விடுங்க. குழம்பு ஆறிடும்."

"இன்னிக்கு ஆலையில காலைத் தூக்கிட்டேன்."

"என்ன தூக்கிட்டீங்க?"

"காலை. கேன்டீன் வாசல்ல. எல்லார் முன்னாடியும்."

"எதுக்கு?"

அதிகாரி கொடியில் தொங்கிய ஒரு கிளிப்பைப் பிடித்துத் திருகினார். கிளிப் கையோடு வந்துவிட்டது. "எண்ணெய் வாசனை வந்துது," என்றார். "அது படுத்திருக்கும்னு..."

அவள் குடையை அவர் பக்கம் சாய்த்தாள். குழம்புச் சட்டியின் மூடியில் மழை விழுந்து தாளம் போட்டது.

"தலைமை ஆபீஸ்லேர்ந்து வந்த அம்மாவும் தாண்டினாங்க," என்றார் அதிகாரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "மேனேஜர் தாண்டினார். ஆமாஞ்சார் குதிச்சான்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. முதலில் மூக்கு வழியாகக் கொஞ்சம், பிறகு அடக்கமுடியாமல். சிரித்துக்கொண்டே அழுதாள். குழம்பு கொஞ்சம் சேலையில் சிந்தியது. "எத்தனை பேரு... எல்லாரும்... நம்ம தடங்கலையா?"

"எல்லாக் கிளையிலயும் கட்டம் போடப் போறாங்களாம்."

"பைத்தியக்கார மனுஷா." கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டாள். "ஆலையில இன்னிக்குத்தான் தூக்கினீங்க. வீட்ல தினம் தூக்கறீங்களே, அது தெரியுமா?"

"நானா? நான் நேராத்தானே..."

"நேரா நடன்னு எனக்குச் சொன்னீங்களே, சொல்லிட்டு கோப்பையைக் கழுவ எடுத்துட்டுப் போனீங்க. அப்பவும் தாண்டித்தான் போனீங்க. நான் பாத்துட்டுதான் இருந்தேன். அதனாலதான் அவ்வளவு கோபம்."

அதிகாரி இதை யோசித்தார். தன் கால் தனக்குத் தெரியாமல் இவ்வளவு நாள் ஒரு விதியைப் பின்பற்றிவந்திருக்கிறது என்பது பாதுகாப்புத் துறையில் சாதாரண விஷயமல்ல. கடைசியில், "ரொம்பக் கஷ்டமா இருக்கும்மா," என்றார். சொற்பொழிவு இல்லாமல், அவ்வளவு மட்டும்.

"தெரியும்," என்றாள். கொஞ்சம் பொறுத்து, "பாயை எங்க போட்டீங்க? குப்பை வண்டிலயா?"

"வண்டி டிக்கியில."

"தூக்கிப் போட்டாச்சுன்னீங்க?"

"தூக்கித்தான் போட்டேன். டிக்கியில."

அவள் சட்டியை அவர் கையில் கொடுத்துவிட்டு டிக்கியைத் திறந்தாள். பாய் நாலாக மடித்து இருந்தது. தட்டும் கழுத்துப்பட்டையும் அதன் மேல். பக்கத்தில் எதுவும் உருண்டு வந்து நசுக்கிவிடாமல், சுற்றிலும் ஆரஞ்சுக் கூம்புகள்.

அன்றைக்கு இருவரும் முன்கதவு வழியாக உள்ளே போய், கூடத்தைக் கடந்து, சமையலறை வாசலில் ஒருவர் பின் ஒருவராகக் காலைத் தூக்கித் தாண்டினார்கள். யாரும் யாரையும் திருத்தவில்லை. எதிர்வீட்டுக்காரர் மட்டும், வேண்டுதல் முடிந்துவிட்டது போலும் என்று ஒரு வாரம் கவலையாக இருந்தார்.

கட்டம் போட்ட பிறகு அதிகாரி மனைவியைக் கேன்டீனுக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். அவள் குனிந்து, கையை விரித்து அளந்து பார்த்தாள்.

"சின்னதாப் போட்டிருக்கீங்க. அது காலை நீட்டிப் படுக்குமே."

"விதிப்படி இவ்வளவுதான்..." என்று தொடங்கிய அதிகாரி நிறுத்திக்கொண்டார். பெயிண்டரைக் கூப்பிட்டார். "இந்தப் பக்கம் கொஞ்சம் நீட்டுப்பா. வால் பக்கம்."

"எந்தப் பக்கம் சார்?"

"இந்தப் பக்கம்."

இன்று அந்த நிறுவனத்தின் எல்லாக் கேன்டீன் வாசல்களிலும், ஒரு முனை கொஞ்சம் நீண்ட மஞ்சள் கட்டம் இருக்கிறது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு அதைத் தாண்டப் பயிற்சி தருகிறார்கள். பெரிய அதிகாரி ஒரு கருத்தரங்கில், விழிப்புத் தாண்டலின் தத்துவப் பின்புலம் பற்றி நெடுநேரம் உரையாற்றி, கண்கலங்கி, விருதும் வாங்கினார். ஆமாஞ்சாருக்குப் பதவி உயர்ந்தது. கட்டத்துக்குள் யாராவது கால் வைத்துவிட்டால் மற்றவர்கள் பதறிப்போய் இழுத்துவிடுகிறார்கள்.

அங்கே ஒன்றும் இல்லை.